நல்ல கேமரா, ஆனால் கடையில் இல்லை: சிறிய பிராண்டுகள் எங்கே தோற்கின்றன?

விமர்சகர்கள் பாராட்டுகிறார்கள். வைத்திருப்பவர்கள் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்கள். கடையில் கேட்டால் மட்டும் "அதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க" என்று பதில் வருகிறது. ஒலிம்பஸ், பென்டாக்ஸ் கேமராக்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கதை இது.

2020 ஜூனில் ஒலிம்பஸ் தன் கேமரா தொழிலை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தது. 2022 ஜனவரியில் பென்டாக்ஸின் உரிமையாளரான ரிக்கோ, ஜப்பானில் இணையம் வழியாக வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்பதற்கும், பட்டறை பாணியில் குறைந்த அளவில் தயாரிப்பதற்கும் மாறுவதாகச் சொன்னது. இரண்டு முறையும் ரசிகர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: படத்தின் தரத்தில் குறையில்லையே, பிறகு ஏன்? இதற்கான காரணத்தில் பெரும்பகுதி கடையின் கல்லாப்பெட்டியிலும் வாங்குபவரின் லென்ஸ் பையிலும் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

கேமராவின் உடற்பகுதியை மட்டும் 'பாடி' என்கிறோம். லென்ஸைப் பொருத்தும் உலோக வளையமும் அதன் மின்தொடர்பும் சேர்ந்தது 'மவுண்ட்'. பெரும்பாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி மவுண்ட் உண்டு. கேனான் லென்ஸ் நிக்கான் பாடியில் நேரடியாக உட்காராது. பாடி, லென்ஸ்கள், ஃப்ளாஷ், பேட்டரி எல்லாம் சேர்ந்ததை 'சிஸ்டம்' என்பார்கள். லென்ஸைக் கழற்ற முடியாதபடி பாடியோடு சேர்ந்தே வருவது 'ஃபிக்ஸட் லென்ஸ்' கேமரா. இந்தக் கடைசிச் சொல் பின்னால் முக்கியமாகும்.

'சிறிய பிராண்ட்' என்று இங்கே சொல்வது கேமரா சந்தையில் சிறிய பங்கு வைத்திருப்பவர்களை. தாய் நிறுவனம் பெரிதாக இருக்கலாம். ரிக்கோ உலகெங்கும் நகலெடுக்கும் இயந்திரம் விற்கும் பெரிய நிறுவனம். பென்டாக்ஸ் சிறிய பிராண்ட். உலகச் சந்தையில் கேனான், சோனி, நிக்கான் மூன்றும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அதில் கேனானுக்கு மட்டுமே பாதியை நெருங்கும் பங்கு. மீதியைத்தான் ஃபியூஜிஃபிலிம், பானசோனிக், ஓஎம் சிஸ்டம் (ஒலிம்பஸ் கேமராக்களின் இன்றைய பெயர்), பென்டாக்ஸ், லைக்கா, சிக்மா எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

சந்தை சுருங்கினால் அடி சமமாக விழாது

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-இல் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. 2020-இல் அந்த எண்ணிக்கை 90 லட்சத்துக்கும் கீழ். காரணம் எல்லோருக்கும் தெரிந்த ஸ்மார்ட்ஃபோன்தான். அதன் பிறகும் பழைய உயரத்தின் பக்கத்தில்கூடச் சந்தை போகவில்லை.

புதிய ப்ராசசர், ஆட்டோஃபோகஸ் மென்பொருள், லென்ஸ் அச்சுகள் இவற்றுக்கான செலவு, எத்தனை கேமரா விற்றாலும் ஏறத்தாழ ஒன்றுதான். கணக்குக்காக ஒரு மாடலை உருவாக்க 100 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் விற்பவருக்கு ஒரு கேமராவின் தலையில் 1,000 ரூபாய் விழும். 50,000 விற்பவருக்கு 20,000 ரூபாய். சிறியவர் ஒன்று விலையை ஏற்ற வேண்டும், அல்லது ஆராய்ச்சியைக் குறைக்க வேண்டும். பென்டாக்ஸ் பாடிகளுக்கு இடையே ஆண்டுகள் நீள்வது ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

படத்தைப் பதியும் சில்லான சென்சாரும் சொந்தமில்லை. நிக்கான், ஃபியூஜிஃபிலிம், பென்டாக்ஸ் உள்ளிட்ட பலர் போட்டியாளரான சோனியிடமிருந்தே சென்சார் வாங்குகிறார்கள். 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோவில் நிலநடுக்கம் வந்து அங்கிருந்த சோனி ஆலை நின்றபோது, கேமரா உலகம் முழுவதும் சரக்குத் தட்டுப்பாடு. நிக்கானே தன் மாடல்களைத் தள்ளிப்போட்டது. சிறிய ஆர்டர்காரர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் குரல் உயர்த்த வழியில்லை.

கடைக்காரரின் கணக்கு

விஷயத்தின் மையம் இதுதான். 'நல்ல கேமரா' என்பதற்காகக் கடைக்காரர் எதையும் வாங்கி வைப்பதில்லை. போட்ட பணம் எத்தனை முறை சுற்றி வரும் என்று பார்க்கிறார்.

ஒரு எளிய உதாரணம். கடைக்காரர் 1,00,000 ரூபாயைப் பெரிய பிராண்ட் கேமராவில் போடுகிறார். மார்ஜின் 5 சதவீதம். ஒரு மாதத்தில் விற்றுவிடுகிறது. அதே பணம் ஆண்டுக்கு 12 முறை சுற்றினால் கிடைப்பது 60,000 ரூபாய். இன்னொரு 1,00,000 ரூபாயைச் சிறிய பிராண்டில் போடுகிறார். அவர்கள் தாராளமாக 12 சதவீதம் மார்ஜின் தருகிறார்கள். ஆனால் விற்க ஆறு மாதம் ஆகிறது. ஆண்டுக்கு இரண்டே சுற்று, 24,000 ரூபாய். மார்ஜினை இரட்டிப்பாக்கினால்கூட முதல் கணக்கை எட்டாது.

இதற்கு மேலும் சில அடுக்குகள் இருக்கின்றன.

1. விலைச் சரிவு. டிஜிட்டல் கேமரா ஸ்டாக்கில் இருக்க இருக்க மதிப்பிழக்கும் சரக்கு. ஆறு மாதம் கிடக்கும்போது நிறுவனம் விலையை 10,000 ரூபாய் குறைத்தால், பழைய விலைக்கு வாங்கியவர் கதி என்ன? பெரிய பிராண்டுகள் வித்தியாசத்தைக் கடைக்காரருக்குத் திருப்பித் தரும் அளவுக்குக் கையிருப்பு உள்ளவை. சிறிய பிராண்டின் டிஸ்ட்ரிபியூட்டர் "பார்க்கலாம்" என்பார்.

2. ஸ்கீம். இத்தனை பீஸ் எடுத்தால் இவ்வளவு தள்ளுபடி, காலாண்டு டார்கெட்டை எட்டினால் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட் என்று பெரிய நிறுவனங்கள் கடையைக் கட்டிப்போடுகின்றன. டார்கெட்டுக்கு இன்னும் நான்கு பீஸ் பாக்கி இருக்கும் மாதக் கடைசியில், உள்ளே வரும் வாடிக்கையாளரிடம் கடைக்காரர் எந்தக் கேமராவைக் காட்டுவார் என்று யூகிக்க ஜோசியம் தேவையில்லை.

3. ப்ரமோட்டர். பெரிய மின்னணுக் கடைகளில் பிராண்ட் பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு நிற்பவர்களில் பலர் கடையின் ஊழியர்கள் அல்லர். சம்பளம் நிறுவனத்திடமிருந்து வருகிறது. ஆள் வைக்க முடியாத பிராண்டுக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

4. டெமோ பீஸ். கேமரா கையில் பிடித்துப் பார்த்து வாங்கும் பொருள். மேசையில் சங்கிலி கட்டி வைக்கும் ஒரு பாடியும் லென்ஸும் பிறகு புதிதாக விற்காது. வாரம் ஒன்று விற்றால் அந்தச் செலவு தாங்கும். வருடத்துக்கு நான்கு விற்றால் தாங்காது.

5. உதிரி வியாபாரம். பாடியில் கடைக்குக் கிடைப்பது சொற்பம். லென்ஸ், ஃபில்டர், பை, மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, நீட்டிப்பு வாரண்டி இவற்றில்தான் காசு. சிறிய சிஸ்டத்துக்கான பேட்டரியையும் லென்ஸையும் தனியாக ஸ்டாக் வைக்க வேண்டும், வைத்தாலும் நகராது.

பென்டாக்ஸுக்கு இதில் இன்னொரு வினோதச் சிக்கல். அதன் கே மவுண்ட் 1975-இல் வந்தது. அன்றைய லென்ஸை இன்றைய பாடியில் மாட்டலாம். ரசிகர்களுக்கு இது பெருமை. கடைக்காரருக்கோ, பாடி வாங்கியவர் அடுத்து செகண்ட் ஹேண்ட் சந்தைக்குப் போய்விடுகிறார். புது லென்ஸ் விற்பனை குறைகிறது. விசுவாசமான வாடிக்கையாளர் வேறு, லாபம் தரும் வாடிக்கையாளர் வேறு.

சிறிய பிராண்டுகளுக்குக் கைகொடுத்தவை ஒரு காலத்தில் கேமராவுக்கென்றே இருந்த சிறப்புக் கடைகள். விற்பவருக்கே படமெடுக்கத் தெரியும். பத்து நிமிடம் நின்று விளக்குவார். அமெரிக்காவின் ரிட்ஸ் கேமரா 2009-இலும் 2012-இலும் திவால் மனு போட்டது. பிரிட்டனின் ஜெசப்ஸ் 2013 ஜனவரியில் தன் 187 கடைகளையும் மூடியது. பிறகு புது உரிமையாளரிடம் சிறிய அளவில் திரும்பியது. எஞ்சியவை தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் விற்கும் கடைகள். அங்கே நுழைபவர் கேட்கும் முதல் கேள்வி "ஃபுல் ஃபிரேமா?" என்பது. ஃபுல் ஃபிரேம் என்றால் 35 மி.மீ. ஃபிலிம் அளவிலான பெரிய சென்சார். ஒலிம்பஸின் சென்சார் பரப்பளவில் ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. அதனால்தான் லென்ஸ் சிறிது, எடை குறைவு, கையதிர்வைத் தாங்கும் திறன் அபாரம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டும். அந்தக் கடையில் ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்காது.

இணைய விற்பனை இதைத் தீர்க்காதா? ஓரளவு தீர்க்கும். அலமாரிச் செலவு இல்லை, எந்த ஊரிலிருந்தும் வாங்கலாம். ஆனால் இணையத்தில் பெயரைத் தட்டித் தேடுபவர்தான் வாங்குகிறார். பெயர் தெரியாதவர் கண்ணில் பட வைப்பதற்கு அங்கேயும் விளம்பரக் காசு கேட்கிறார்கள்.

மவுண்ட் என்னும் பூட்டு

பாடி வாங்குவது பொருள் வாங்குவது. மவுண்ட்டைத் தேர்ந்தெடுப்பது சம்பந்தம் பேசுவது. லென்ஸ் சேரச் சேர வெளியேறுவது கடினம். புதிதாக வாங்குபவருக்கும் இது தெரியும். அதனால் "இந்தக் கம்பெனி பத்து வருஷம் கழிச்சு இருக்குமா?" என்ற சந்தேகம் ஒரு பிராண்ட் மீது விழுந்தாலே விற்பனை குறைகிறது, விற்பனை குறைந்ததால் சந்தேகம் உறுதியாகிறது.

நம் ஊர் கல்யாண ஃபோட்டோகிராஃபரை எடுத்துக்கொள்வோம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை லென்ஸில் கோளாறு. அவர் கேனான், நிக்கான், சோனி வைத்திருந்தால் நண்பரிடம் ஒரு 70-200 ஜூம் லென்ஸை இரவல் வாங்கிக்கொள்வார், அல்லது வாடகைக் கடைக்குப் போவார். உதவிக்கு வரும் கேண்டிட் ஃபோட்டோகிராஃபரின் பேட்டரி இவருக்கும் பொருந்தும். இரண்டு பேர் எடுத்த படங்களின் நிறம் ஆல்பத்தில் ஒத்துப்போகும். நாளை விற்க நினைத்தால் செகண்ட் ஹேண்டில் உடனே ஆள் கிடைக்கும். பென்டாக்ஸ் வைத்திருந்தால்? படம் அருமையாக வரும், மழை நனைந்தாலும் பாடி தாங்கும். மேலே சொன்ன எதுவும் கிடைக்காது. அவர் பெரிய பிராண்டையே வாங்குவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வெளி லென்ஸ் நிறுவனங்களும் கூட்டம் இருக்கும் இடத்துக்கே போகின்றன. சிக்மா, டாம்ரான் இரண்டும் ஒரு காலத்தில் பென்டாக்ஸுக்கும் லென்ஸ் செய்தவை. அவற்றின் புதிய தலைமுறை லென்ஸ்கள் கே மவுண்ட்டுக்கு வருவதில்லை. கேனான் தன் ஆர்எஃப் மவுண்ட்டை வெளி நிறுவனங்களுக்கு அடைத்தே வைத்திருந்து, 2024-இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும், அதுவும் சிறிய சென்சார் பாடிகளுக்கான லென்ஸுக்கு மட்டும், கதவைத் திறந்தது. பெரியவர் கதவைச் சாத்தலாம். சிறியவர் விரியத் திறந்து வைத்தாலும் உள்ளே வர ஆள் வேண்டும்.

முதலில் செய்தவர் வென்றதில்லை

சென்சாரில் தூசியை உதறும் வசதியை ஒலிம்பஸ் 2003-இல் இ-1 கேமராவில் தந்தது. சென்சாரையே நகர்த்திக் கையதிர்வைச் சமாளிக்கும் நுட்பத்தைக் கோனிகா மினோல்டா 2004-இல் தன் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கேமரா) வைத்தது. கேனான் அந்தப் பாடி நுட்பத்துக்கு வந்தது 2020-இல், ஆர்5, ஆர்6 மாடல்களில். பதினாறு ஆண்டு முன்னிலை! அதைக் கொண்டு மினோல்டாவால் இரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2006 ஜனவரியில் கோனிகா மினோல்டா கேமரா தொழிலிலிருந்து விலகி, டிஎஸ்எல்ஆர் பிரிவின் சொத்துகளைச் சோனிக்குக் கொடுத்தது.

பிறகு நடந்ததுதான் பாடம். அதே அடித்தளத்தில் சோனி ஆல்ஃபா 100-ஐ வெளியிட்டது. 2010-இல் புதிய இ மவுண்ட், 2013-இல் அந்தக் கண்ணாடி இல்லாத, அதாவது மிரர்லெஸ், ஃபுல் ஃபிரேம் ஏ7. இன்று உலகில் இரண்டாம் இடம். சென்சாரைத் தானே செய்யும் திறனும், ஊர் ஊருக்கு டீலர் வலையும், பல ஆண்டுகள் பொறுக்கும் பணமும் சோனியிடம் இருந்தன; மினோல்டாவிடம் இல்லை.

பணம் மட்டும் போதுமா என்றால் சாம்சங்கைப் பார்க்க வேண்டும். 2010-இல் என்எக்ஸ் வரிசையைத் தொடங்கி, 2014-இல் என்எக்ஸ்1 என்ற காலத்துக்கு முந்திய கேமராவைத் தந்தது. சொந்தச் சென்சார், உலகெங்கும் கடைகள், வற்றாத பணம். அடுத்த சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் வெளியேறியது. லென்ஸ் வாங்கிச் சேர்த்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கைப்பேசியில் கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனத்துக்குக் கேமராவின் எண்ணிக்கை சில்லறையாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். அந்த ஊகத்துக்கு வலு சேர்ப்பது அடுத்த பகுதி.

தாய் நிறுவனத்தின் பொறுமை

ஒலிம்பஸின் உண்மையான தொழில் எண்டோஸ்கோப், அதாவது வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் மருத்துவக் கருவி. அதில் உலகச் சந்தையின் பெரும்பங்கு அவர்களுடையது. கேமரா பிரிவோ விற்பதற்கு முன்பு மொத்த வருவாயில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கி, தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் நட்டம் காட்டியது. 2021 ஜனவரி 1 முதல் அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனம். வாங்கியது, 2014-இல் சோனியிடமிருந்து வையோ கணினித் தொழிலை எடுத்த அதே ஜப்பான் இண்டஸ்ட்ரியல் பார்ட்னர்ஸ்.

பென்டாக்ஸ் கதையும் இதே அச்சு. ஹோயா நிறுவனம் பென்டாக்ஸை இணைத்துக்கொண்டது 2008-இல். 2011-இல் கேமராவை ரிக்கோவுக்கு விற்றது. பென்டாக்ஸ் எண்டோஸ்கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் மருத்துவக் கருவி தங்கியது, கேமரா வெளியே போனது. புகைப்படக்காரர்களுக்கு வருத்தமாக இருக்கலாம். பங்குதாரர் இடத்திலிருந்து பார்த்தால் வேறு முடிவு வராது.

ஒலிம்பஸ் என்ற பெயரையும் காலப்போக்கில் விட வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில் 'ஓஎம் சிஸ்டம்' என்ற புதுப் பெயர் வந்தது. 1936 முதல் கேமராவில் இருந்த ஒரு பெயரைக் கைவிட்டு, யாருக்கும் தெரியாத பெயரோடு அலமாரிக்குப் போவது எத்தனை கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிழைத்தவர்கள் எந்த வழியில் போனார்கள்?

பிழைத்தவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், பெரும்பாலோர் மேலே சொன்ன இரண்டு பொறிகளில் ஒன்றையாவது தவிர்த்திருக்கிறார்கள்: கடை அலமாரி, அல்லது மவுண்ட்.

1. லென்ஸ் மாற்ற முடியாத கேமரா. ரிக்கோவின் ஜிஆர் வரிசை, ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ்100 வரிசை, லைக்காவின் க்யூ. இவற்றுக்கு மவுண்ட் பயம் கிடையாது. ஏற்கெனவே சோனி சிஸ்டம் வைத்திருப்பவர்கூட இரண்டாவது கேமராவாக ஜிஆர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். கடைக்கும் ஒரே பெட்டிதான் ஸ்டாக். 2024-இல் வந்த எக்ஸ்100VI-க்கு மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். ஒரே ரிக்கோவின் கீழே பென்டாக்ஸ் தடுமாறுவதும் ஜிஆர் தட்டுப்பாட்டில் விற்பதும், என் பார்வையில், இந்தக் கட்டுரையின் மொத்த வாதத்துக்கும் சாட்சி. தயாரிப்பவர் ஒருவரே, மாறுவது மவுண்ட் மட்டும்.

2. சொந்தக் கடை. லைக்கா 2000-களின் நடுவில் திவாலின் விளிம்பில் இருந்தது. பிறகு தன் பெயரிலேயே கடைகள் திறந்தது; அங்கே போட்டிப் பிராண்ட் பக்கத்தில் இருக்காது, தள்ளுபடிச் சண்டையும் இல்லை. 2023-24 நிதியாண்டில் 55.4 கோடி யூரோ வருவாய், அந்நிறுவனத்தின் வரலாற்றில் அதுவரை இல்லாத உச்சம். இந்த வழி விலையைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு விற்கும்போதுதான் செல்லும்.

3. பொது மவுண்ட். ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008-இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற மவுண்ட்டைப் பகிர்ந்துகொண்டன. லைக்கா, பானசோனிக், சிக்மா 2018-இல் எல் மவுண்ட் கூட்டணி அமைத்தன. ஒருவர் விலகினாலும் லென்ஸ் அநாதையாகாது என்ற தெம்பு வாங்குபவருக்கு.

4. பெயர் மட்டும். கோடக் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. அதன் பெயரை உரிமம் பெற்று ஜேகே இமேஜிங் விற்கும் மலிவான பிக்ஸ்ப்ரோ கேமராக்கள், இன்று ஜப்பானியக் கடைகளிலேயே அதிகம் விற்பவற்றின் பட்டியலில் வருகின்றன. தாத்தா காலத்துப் பெயர், எளிய விலை, ஃபிக்ஸட் லென்ஸ். நுட்பத்தில் எந்தப் புதுமையும் இல்லை. ஒலிம்பஸ் பொறியாளர்கள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்களோ!

பென்டாக்ஸ் 2024-இல் பென்டாக்ஸ் 17 என்ற ஃபிலிம் கேமராவை 500 டாலருக்கு வெளியிட்டதையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அதிலும் லென்ஸ் கழலாது. கேனானும் சோனியும் எட்டிப்பார்க்காத மூலை அது.

இந்தியாவில் வாங்குபவருக்கு

டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. சிறிய பிராண்டுகளுக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை. அவற்றின் தடை வரியைவிட டீலரும் சர்வீஸும்தான். பென்டாக்ஸை இங்கே கடையில் கண்ணால் காண்பதே அபூர்வம். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டியவை:

1. பில் இந்தியாவின் அதிகாரபூர்வ டிஸ்ட்ரிபியூட்டர் வழி வந்த சரக்குக்கா, அந்த வழியில் வராத கிரே மார்க்கெட் சரக்குக்கா? இரண்டாவது என்றால் 'வாரண்டி' என்று எழுதித் தருவது பெரும்பாலும் கடையின் வாய்ச்சொல் மட்டுமே.

2. பழுதானால் பொருள் எங்கே போகும்? இந்திய ஊருக்கா, சிங்கப்பூருக்கா, ஜப்பானுக்கா? போய்வரும் செலவு யாருடையது?

3. உங்களுக்குத் தேவையான இரண்டாவது லென்ஸும் மாற்று பேட்டரியும் இன்றைக்கே இங்கே கிடைக்கின்றனவா? "வரும்" என்ற பதிலை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கேமராவை வைத்துத்தான் பிழைப்பா, விருப்பத்துக்கா? பிழைப்பு என்றால் உங்கள் ஊர் வாடகைக் கடையில் எந்த மவுண்ட் இருக்கிறதோ அதுவே உங்கள் மவுண்ட். விருப்பத்துக்கு என்றால், மேலே உள்ள மூன்றுக்கும் திருப்தியான பதில் வந்தால், சிறிய பிராண்டைத் தாராளமாக வாங்கலாம். செகண்ட் ஹேண்டில் அவை மலிவாகக் கிடைப்பதற்கும் இந்தக் கட்டுரையில் சொன்ன காரணங்களே காரணம். அந்த மலிவை அனுபவிப்பதில் தவறில்லை.